மழையில் நனைந்த மாப்பிள்ளைத் தொப்பி



இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்று கடல் தாண்டி வந்தது. பெண்ணின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போயிருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

"அக்கா, எங்கள் மாப்பிள்ளையிடம் ஒரு ஃபெல்ட் தொப்பி இருக்கிறது. அகுப்ரா என்று பேர். ஆசையாக வாங்கினாராம். போன வாரம் நல்ல மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். காலையில் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று ராத்திரி தொப்பியை ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். விடிந்து பார்த்தால் தலையில் இறங்கவே மாட்டேன் என்கிறது! 'பரவாயில்லை அத்தை' என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மழை கெடுத்ததா, நான் கெடுத்தேனா? இதைச் சரிபண்ண வழி உண்டா?"

பிள்ளைகள் குளிர்தேசத்தில் இருக்கிற வீடுகளில் இந்த மாதிரித் தொப்பியை இப்போது நிறையப் பார்க்கிறேன். அதனால் இந்தப் பதில் அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொப்பிக்குத் தண்ணீர் பகை இல்லை. சூடுதான் பகை.

ஏன் என்று கேட்டால், ஃபெல்ட் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தறியும் கிடையாது, பின்னல் ஊசியும் கிடையாது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் நாலு நாள் விட்டால் முடி சிக்கு விழுந்து சடை பிடிக்குமே, அதே சங்கதிதான். முயல் ரோமத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மீனின் செதிள் மாதிரி மெல்லிய அடுக்குகள் தெரியும். ஈரமும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் ஒரு ரோமத்தின் செதிள் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும். மாட்டியது பிறகு லேசில் விடாது.

தொழிற்சாலையில் முயல் தோலின் முரட்டு ரோமத்தை நீக்கிவிட்டு, அடியில் இருக்கும் பஞ்சு போன்ற ரோமத்தை மட்டும் எடுக்கிறார்கள். உடம்பெல்லாம் துளைகள் உள்ள ஓர் உலோகக் கூம்பு சுழன்றுகொண்டிருக்கும். உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சினால் ரோமம் அதன்மேல் புகை மாதிரி வந்து படியும். அதன்மேல் வெந்நீர். அப்போது கிடைப்பது தொளதொளவென்று ஒரு பெரிய கூம்பு. அதை வெந்நீரில் நனைத்து, உருட்டி, அழுத்தி, மறுபடி நனைத்து என்று பாடாய்ப் படுத்திய பிறகுதான் அது சுருங்கி, இறுகி, தொப்பி அளவுக்கு வரும். இப்படி வெந்நீரிலேயே பிறந்து வளர்ந்த சாமான், மழைக்கா பயப்படும்?

ஆஸ்திரேலியாவில் இந்தத் தொழில் வேரூன்றியது முயலால்தான். 1859ல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக அவிழ்த்துவிட்ட முயல்கள் பெருகி, தேசத்துக்கே தலைவலியாகிவிட்டன. 1874ல் தஸ்மேனியாவுக்கு வந்த பெஞ்சமின் டங்கர்லி, முயல் ரோமத்தின் முரட்டு நுனியை நீக்க ஒரு யந்திரம் கண்டுபிடித்தார். அவர் ஆரம்பித்த தொழில்தான் பின்னால் சிட்னிக்குப் போய், 1912 முதல் அகுப்ரா என்ற பேரைப் பெற்றது. 1974ல் தொழிற்சாலை கெம்ப்சி என்ற ஊருக்கு மாறியது.

இன்னும் மேலான ஃபெல்ட் என்றால் பீவர் ரோமம். பீவர் தண்ணீரிலேயே வாழும் பிராணி. அதன் அடிரோமத்தில் செதிள்கள் நன்றாகத் துருத்திக்கொண்டிருப்பதால் ஃபெல்ட் கெட்டியாகக் கட்டிக்கொள்ளும். 1670ல் ஆரம்பமான ஹட்சன் பே கம்பெனி வட அமெரிக்காவிலிருந்து பீவர் தோலைக் கப்பல் கப்பலாக ஏற்றியதெல்லாம் ஐரோப்பியர்களின் தொப்பி ஆசைக்காகத்தான். 1865ல் பிலடெல்பியாவில் ஜான் ஸ்டெட்சன் தொடங்கிய தொப்பிக் கம்பெனிக்கு அடையாளமாகிப்போன ஒரு படம் உண்டு. லான் மெகார்ஜி என்ற ஓவியர் வரைந்தது. மாடு மேய்க்கும் வீரன் தன் தொப்பியில் தண்ணீர் எடுத்துக் குதிரைக்குக் கொடுக்கிறான்! தண்ணீர் ஒழுகாத தொப்பி என்பதுதான் அன்றைக்கு அதற்குப் பெருமை.

ஆகவே நல்ல ரோம ஃபெல்ட்டில் தூறல் விழுந்தால் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக நிற்கும். உதறினால் போச்சு. அடைமழையில் மணிக்கணக்காக நின்றால் ஊறத்தான் செய்யும். விளிம்பு கொஞ்சம் தொய்யும். ஆனாலும் சரியாக உலர்த்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். மலிவாகக் கிடைக்கும் ஆட்டுக் கம்பளி ஃபெல்ட் அப்படி இல்லை. அதன் இழை பருமன், பின்னலும் அத்தனை நெருக்கம் இல்லை. தண்ணீரை இழுத்துக்கொண்டு வடிவம் குலைந்துவிடும். வாங்கும்போதே உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, முயலா, பீவரா, கம்பளியா என்று கேட்டு வாங்குங்கள். அமெரிக்கத் தொப்பிகளில் எக்ஸ், எக்ஸ் என்று போட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் அதில் கிடையாது.

சரி, அப்படியானால் மாப்பிள்ளையின் தொப்பி ஏன் தலையில் இறங்கவில்லை?

தொப்பியின் உட்புறம் நெற்றியில் படும் இடத்தில் ஒரு தோல் பட்டை தைத்திருப்பார்கள். வியர்வையை வாங்கிக்கொள்வதற்காக. நனைந்த தோலை அனலில் காட்டினால் என்ன ஆகும்? நனைந்த செருப்பை அடுப்பங்கரையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விறைத்துச் சுருங்கும். பட்டை சுருங்கினால், தொப்பியின் வாயைச் சுருக்குப் பை மாதிரி இழுத்துவிடும். பார்க்கிறவர்கள் ஃபெல்ட் சுருங்கிவிட்டதாக நினைப்பார்கள். பாதிக்கு மேல் குற்றம் பட்டையுடையது.

இரண்டாவது, அரக்கு. தொப்பி விறைப்பாக நிற்பதற்காகப் பல தொப்பிகளில் ஃபெல்ட்டுக்குள் அரக்குக் கரைசலை ஏற்றுகிறார்கள். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துக் காடுகளில் புரசு மாதிரி மரங்களில் வாழும் சின்னஞ்சிறு பூச்சி தருகிற அதே அரக்குதான். நம் ஆசாரி நகைக்குள் வைத்து அடைக்கிறாரே, அதுதான். அரக்கு வைத்த வளையலை யாராவது நெருப்பில் காட்டுவோமா? தொப்பியும் அப்படித்தான். சூட்டில் அரக்கு இளகும், ஃபெல்ட் கோணும். ஆறியதும் கோணல் கோணலாகவே நின்றுவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் தொப்பியை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதும் இதனால்தான்.

இனி, நனைந்த தொப்பிக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் விளிம்பைப் பிடித்து லேசாக உதறுங்கள். உச்சியைக் கிள்ளித் தூக்கும் பழக்கம் வேண்டாம். மடிப்பு விழுந்த இடத்தில் நாளடைவில் வெடிப்பு விடும். சுத்தமான பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். சேறு பட்டிருந்தால் அப்போது கையே வைக்காதீர்கள். காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டினால் உதிர்ந்துவிடும்.

அடுத்து, உச்சியில் இருக்கும் மடிப்புகளை ஈரம் இருக்கும்போதே விரலால் பழையபடி எடுத்துவிடுங்கள். பிறகு உள்பட்டையை வெளியே மடித்து இறக்கி, அந்தப் பட்டைமேல் தொப்பி நிற்கும்படி மேஜையில் வையுங்கள். இப்படி வைத்தால் விளிம்பு எதிலும் இடிக்காமல் காற்றில் நிற்கும், பட்டையும் தனியாக உலரும். விளிம்பு தரையில் படும்படி கவிழ்த்தால் தட்டையாகிப் போகும்.

நிழல், காற்றோட்டம், பொறுமை. இவ்வளவுதான் மருந்து. ஒரு நாள் ஆகும். நன்றாக ஊறியிருந்தால் இரண்டு நாள்கூட ஆகும். ஹீட்டர், ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டி, உச்சி வெயில் எதுவும் கிட்டே வரக் கூடாது. உலர்ந்த பிறகு மெத்தென்ற பிரஷ்ஷால் ரோமம் படிந்திருக்கும் போக்கிலேயே துடையுங்கள். வெளிர் நிறத் தொப்பிக்கு ஒரு பிரஷ், கறுப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஈரம் முழுக்கப் போகாமல் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பாலிதீன் பையில் சுற்றி வைக்கவே கூடாது. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் மழையில் தொப்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை போடுவது உண்டு. அதுவும் மழை விட்டதும் கழற்றிவிட வேண்டிய உறைதான். பூச்சி அரிக்காமல் இருக்க அவ்வப்போது எடுத்துத் தட்டித் துடையுங்கள்.

மெல்போர்ன் சகோதரிக்கு: வருத்தப்படாதீங்கம்மா. தொப்பியை விரிக்க ஸ்ட்ரெச்சர் என்று மரத்தில் ஒரு கருவி கிடைக்கிறது. உள்பட்டையை லேசாக ஈரமாக்கி, கருவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஒரு ராத்திரி விட்டுவைக்கலாம். ஒரே மூச்சில் திருகினால் தையல் விட்டுப்போகும். அதற்கும் மசியாவிட்டால் தொப்பி ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்துப் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். விளிம்பு கோணியிருந்தால் கெட்டிலிலிருந்து வரும் ஆவியில் சில விநாடி காட்டி, கையால் நேராக்கி, ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். ஆவியில் ஃபெல்ட்டும் அரக்கும் இளகும், ஆறினால் நிற்கும்.

ஆனால் இந்த ஆவி வைத்தியம் புதுத் தொப்பிக்கு மட்டும்தான். தாத்தா காலத்துத் தொப்பி ஏதாவது பரணில் இருந்தால் தயவுசெய்து அதை அடுப்பங்கரைக்கே கொண்டுவராதீர்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று சொல்கிறேன்.

முயல் ரோமம் தானாகச் சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. அதை முரடாக்குவதற்காக அந்தக் காலத்தில் தோலின்மேல் பாதரச நைட்ரேட் தடவினார்கள். ரோமம் காரட் நிறமாக மாறும் என்பதால் அந்த வேலைக்கே காரட் போடுவது என்று பேர். பிறகு அதே ரோமம் வெந்நீரும் ஆவியுமாக இருக்கும் அறைக்குப் போகும். அந்தச் சூட்டில் பாதரசம் ஆவியாகக் கிளம்பும். வேலை செய்தவர்கள் வருஷக்கணக்காக அதைச் சுவாசித்தார்கள்.

முதலில் விரல் நடுங்கும். கையெழுத்துக் கோணும். ஈறு வீங்கிப் பல் ஆடும். பிறகு மனசு. நாலு பேர் முன்னால் வரக் கூசுவார்கள். ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும். பார்த்தவர்கள் குடிகாரன் என்றார்கள், பைத்தியம் என்றார்கள். அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டான்பரி நகரத்தில் இந்த வியாதிக்கு 'டான்பரி நடுக்கம்' என்றே பேர். 1860லேயே நியூ ஜெர்சியில் ஃப்ரீமன் என்ற டாக்டர் தொப்பித் தொழிலாளர்களின் பாதரச நோயைப் பற்றி எழுதினார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியரான டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் 1922ல் மறுபடி எழுதினார். இத்தனைக்கும் பிறகு, 1941 டிசம்பரில்தான் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பாதரசத்தைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மாற்று ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை. முதல் எச்சரிக்கைக்கும் முடிவுக்கும் நடுவே 81 வருஷம்! எத்தனை குடும்பம், எத்தனை பெண்டாட்டி பிள்ளைகள் என்று நினைத்துப் பாருங்கள்.

பழைய ஃபெல்ட் தொப்பிகளில் அந்தப் பாதரசம் இன்னும் தங்கியிருப்பதை மியூசியங்களில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அவர்கள் அவற்றைக் கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துத் தொப்பி எல்லாமே ஃபெல்ட் என்று அர்த்தமில்லை. சோலாத் தொப்பி, தஞ்சாவூரில் கோபுர பொம்மை செய்கிறார்களே, அந்த நெட்டியில் செய்தது. எடையே இருக்காது, துணி போர்த்தியிருக்கும். ரோமம் இறுகின மாதிரி மெத்தென்று கனமாக இருந்தால் ஃபெல்ட்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்து, எப்போது செய்தது என்று தெரியாவிட்டால் நனைக்காதீர்கள், ஆவி காட்டாதீர்கள், பிரஷ்ஷால் தூசி கிளப்பாதீர்கள். குழந்தைகள் தலையில் கவிழ்த்து விளையாட விடாதீர்கள். தொட வேண்டி வந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெரியவர் ஞாபகமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், தனிப் பெட்டியில் மூடி வைத்து, 'பழைய ஃபெல்ட் தொப்பி, சூடு காட்டாதே' என்று ஒரு சீட்டும் எழுதி ஒட்டிவிடுங்கள். நமக்கு அப்புறம் அந்தப் பெட்டியைத் திறக்கப்போகும் மருமகளுக்கும் பேத்திக்கும் தெரிய வேண்டாமா?