பிறந்த கன்றும் முதல்நாள் துன்பமும்

பசுவின் நஞ்சுக்கொடி விழும்வரையில் கன்றுக்குச் சீம்பால் கொடுக்கலாகாது என்னும் வழக்கம் கிராமங்கள் பலவற்றில் இன்னும் நின்றபாடில்லை. நிறைசினைப் பசுவைத் தொலைதூரச் சந்தைக்கு ஓட்டிச் செல்வதும், அதனை ஈரத்தரையில் ஈனவிடுவதும் அத்தகையனவே. ஓரிரு நாள் துன்பந்தானே, கன்று பின்னர்த் தேறிவிடும் என்று குடியானவர்கள் எண்ணுகின்றனர். முதல்நாள் துன்பத்தின் பலன் முதல்நாளோடு முடிந்துவிடும் என்று நம்புவதற்கில்லை.

பிராணிகளின் சிறுநீரகங்களையடுத்து அட்ரினல் என்னும் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. பயம், பசி, குளிர், வலி நேருங்கால் இவை கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை இரத்தத்திற் கலக்கின்றன. கல்லீரல் சர்க்கரையை உண்டாக்கி இரத்தத்தில் விடுமாறு அது தூண்டும். அதனை விஷமென்று கொள்ளலாகாது. பிரசவத்திற்கு முந்திய நாட்களில் கருவிலுள்ள கன்றிலும் ஆட்டுக்குட்டியிலும் அது இயற்கையாகவே பெருகி, நுரையீரலையும் கல்லீரலையும் முதிரச் செய்கிறது. இவ்வின மருந்தைக் கருவிலேயே பெற்று அகாலத்திற் பிறந்த ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராதவண்ணம் சுவாசித்ததை நியூஸிலாந்து வைத்தியர் லிக்கின்ஸ் 1969-ல் வெளியிட்டார். பருவமழை பயிரை வளர்க்கும். அறுவடைக்காலத்து மழை கதிரை அழிக்கும். இதுவும் அத்தன்மையதே.

எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள், சினை எலிகளுக்குக் கடைசி வாரத்தில் டெக்ஸாமெதஸோன் என்னும் இவ்வின மருந்தைக் கொடுத்துக் கண்ட பலனை 1998-ல் வெளியிட்டனர். குட்டிகள் எடை குறைந்து பிறந்தன. வளர்ந்த பின்னரும் அவற்றின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. பிறந்த பசுங்கன்றுகளுக்கு அம்மருந்தைக் கொடுத்த சோதனைகளில் இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் ஒருங்கே உயர்ந்தன. அதாவது, இன்சுலின் இருந்தும் தன் வேலையைச் செவ்வனே செய்யவில்லை. எலியிற் கண்டது பசுவுக்கு அப்படியே பொருந்துமென்றோ, மருந்தும் சந்தைவழித் துன்பமும் ஒன்றென்றோ சாதிப்பது தகாது. ஆயினும், பெருஞ்செலவின்றித் தடுக்கக்கூடிய துன்பத்தைத் தடுப்பதற்கு இவ்வளவு சான்றே போதுமானது.

பிறந்த கன்றுக்குக் கல்லீரலிலுள்ள சிறிது சர்க்கரைச் சேமிப்பும், சரீரத்திலுள்ள சிறிது கொழுப்புமே கையிருப்பு. குளிரில் நடுங்கும் கன்று அவற்றை விரைவில் செலவிட்டுவிடும். அடுத்த வரவு சீம்பாலே. அதிலுள்ள நோயெதிர்ப்புச் சத்தைக் குடல் ஏற்பதும் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நின்றுவிடும். கொடி விழ 12 மணி நேரம்வரை ஆகலாமாதலால், அதற்காகக் காத்திருப்பவர் அதிற் பாதியை இழந்துவிடுகிறார். கன்று பால் குடிக்கையில் பசுவின் இரத்தத்திற் கலக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்யுமாதலால், கொடி கழிவதற்கு அது துணையேயன்றித் தடையன்று.

ஆகையால், ஈனும் இடத்தில் உலர்ந்த வைக்கோல் பரப்புதல், கன்றின் மூக்கிலும் வாயிலுமுள்ள கோழையை அகற்றி உடலைத் துடைத்தல், ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுதல் ஆகியவை தவறாமல் நடக்கவேண்டும். முதல்நாளில் எடையிற் பத்திலொரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்குச் சுமார் இரண்டரை லிட்டர், பல வேளைகளாகப் பகிர்ந்து கொடுத்தல் நலம். கிராம அதிகாரிகள் சந்தைகளில் நிழலும் தண்ணீரும் அமைப்பதோடு, ஈனுந்தறுவாயிலுள்ள பசுக்களைக் கொண்டுவருவோருக்குப் புத்தி கூறுதலும் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் கறவைக்கு வரவேண்டிய கிடேரியை, முதல்நாள் சீம்பாலை மறுத்து நலியவிடுவது சிக்கனமாகாது. அது விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும்.