எண்ணெய் தேய்க்கும் தொழிலின் மானம்

அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டினூடே இறங்கும் சாலை ஒகேனக்கல்லில் காவேரிக் கரையைச் சேர்கின்றது. அங்கே எண்ணெய்ப் புட்டிகளுடன் நின்று, வருகிற யாத்திரிகர்களை அழைத்துப் பாறையில் படுக்கவைத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துப் பிடித்துவிட்டு, அருவிக்கு அனுப்பிவைக்கும் தொழிலாளர்களை நேயர்களில் அநேகர் பார்த்திருப்பார்கள். பரிசல் தள்ளுவோரையும் மீன் வறுப்போரையும் போலவே இவர்களும் ஆற்றை நம்பிப் பிழைப்பவர்கள். வெள்ளம் பெருகிக் குளிப்பதற்குத் தடை விதிக்கப்படும் நாட்களில் இவர்கள் வீட்டு அடுப்பும் அணைந்துவிடுகின்றது. 2018, 2022, 2024 ஆகிய வருஷங்களில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தபொழுது, மேட்டூர் அணை நிரம்பிற்றென்று டெல்டா ஜனங்கள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அதே நாட்களில் ஒகேனக்கல்லில் கைகட்டி உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தவர் மிகச் சிலரே.

அஞ்செட்டிக்கு வடக்கே ஓசூரில் இதே தொழில் வேறொரு வேஷத்தில் காணப்படுகின்றது. வாடகைக்கு ஓர் அறை, ஒரு கட்டில், சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சர்டிபிகேட். உடம்பைப் பிடித்துவிடுவதோடு, மனம் தளர்ந்தவர்களுக்கு வாழ்க்கையை நடத்தும் வழியும் சொல்லித் தருவதாகப் பலகையில் எழுதியிருக்கும். ‘லைஃப் கோச்’ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இவர்களைப் பரிகசிப்பவர்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களும் உண்டு. நாம் இவ்விரு கூட்டத்தையும் சேர்ந்தவர்களல்லோம். தொழில் நல்லதே, அதற்கு ஓர் எல்லை வேண்டும், அந்த எல்லையை முதலில் வகுத்துக்கொள்ள வேண்டியவர்கள் தொழிலாளர்களே என்பது நமது அபிப்பிராயம்.

தொழில் நல்லதென்பதற்குச் சாக்ஷி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது சித்த வைத்தியர்கள் புற மருத்துவ முறைகளை முப்பத்திரண்டாக வகுத்து, உடம்பைத் தட்டியும் இறுக்கியும் பிடித்தும் செய்யும் சிகிச்சையைத் தொக்கணம் என்ற பெயரால் அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் வைத்தியரில்லாமலே வீடுதோறும் நடந்து வந்த வைத்தியம். மேல்நாட்டாரும் இன்று இதனை அலட்சியம் செய்வதில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுதலில், தேகப் பயிற்சி, நோயாளிக்கு விஷயத்தை விளக்கிச் சொல்லுதல், மனப் பழக்கங்களைத் திருத்தும் சிகிச்சை ஆகியவற்றுடன் மசாஜும் சிற்சில நிபந்தனைகளோடு இடம் பெற்றிருக்கின்றது. 2020-ம் வருஷத்தில் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்பு வலியால் வருந்தினரென்பது அந்த ஸ்தாபனத்தின் கணக்கு. உடம்புக்குக் கையும் மனத்துக்குச் சொல்லும் சேர்ந்து உதவலாமென்பதை அந்த வழிகாட்டுதலிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். கேழ்வரகு அறுக்கக் குனிந்தவளுக்கும், ஓசூர்த் தொழிற்சாலையில் இரவு முறைக்கு நின்றவனுக்கும், நாளெல்லாம் லாரி ஓட்டியவனுக்கும் இந்த உதவி வேண்டாமென்று யார் சொல்ல முடியும்?

நிற்க. இத்தொழிலுக்கு ஒரு பழியும் உண்டு. மசாஜ் நிலையமென்ற பலகையின் பின்னால் விபசாரம் நடக்கிறதென்று போலீஸார் சோதனையிடுவதும், பத்திரிகைகளில் அச்செய்தி வருவதும் நாம் அறிந்தவையே. இந்தப் பழியை நீக்குவதெப்படி என்பதில் நியாயாதிபதிகளே ஒரு வழியில் செல்லவில்லை. 2021-ம் வருஷம் டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் இத்தகைய நிலையங்களில் கண்காணிப்புக் காமிராக்கள் வைக்கப்பட வேண்டுமென்று பணித்தார். சில நாட்களுக்கெல்லாம், 2022-ம் வருஷம் ஜனவரியில், அதே கோர்ட்டின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், உள்ளே காமிரா வைப்பது மனிதனுக்குத் தன் தேகத்தின்மீதுள்ள உரிமைக்கும் அந்தரங்கத்துக்கும் விரோதமென்றும், ஏதோ தவறு நடக்கலாம் என்ற சந்தேகம் மாத்திரமே அதற்குப் போதுமான காரணமாகாதென்றும் தீர்ப்பளித்தார்.

இவ்விரண்டில் பின்னையதே நமக்கு உசிதமாகத் தோன்றுகிறது. ஆடை களைந்து படுத்திருக்கும் நோயாளியின் உருவத்தை ஒரு யந்திரம் பிடித்து வைத்துக்கொண்டால், அது யார் கைக்குப் போகுமென்று யாரால் சொல்ல இயலும்? தவறு செய்ய நினைப்பவன் காமிரா இல்லாத வேறோர் அறையைத் தேடிக்கொள்வான். யோக்யமாக நடத்துகிறவனுடைய வாடிக்கைக்காரர்களே ஓடிப்போவார்கள். ஆயினும், காமிரா வேண்டாமென்று சொல்லுகிறவர்கள் அத்துடன் நின்றுவிட முடியாது. அதன் ஸ்தானத்தில் வேறு எந்தக் காவலை வைக்கப் போகிறோமென்பதற்கு விடை சொல்ல வேண்டும்.

அந்த விடைக்கு லண்டனில் 130 வருஷங்களுக்கு முன் நடந்ததொரு விஷயம் உதவும். 1894-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னல் என்ற வைத்தியப் பத்திரிகை, அந்நகரத்து மசாஜ் நிலையங்கள் பலவற்றில் நடந்த ஒழுக்கக் கேட்டை வெளிப்படுத்திற்று. ஊரெங்கும் பரபரப்பு. செவிலியர் தொழிலிலும் மருத்துவச்சித் தொழிலிலும் பழகிய ஸ்திரீகள் நால்வர், தாங்கள் நேர்மையாகச் செய்யும் வேலைக்கும் இந்தப் பழி வந்து சேருவதைப் பார்த்தார்கள். அவர்கள் போலீஸ் காப்பாற்றட்டுமென்று காத்திருக்கவில்லை. கடையை மூடிவிடவும் இல்லை. அவ்வருஷத்திலேயே தமக்குள் ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார்கள். பரீட்சை வைத்தார்கள். வைத்தியர் சொல்லாமல் சிகிச்சை செய்வதில்லை. விசேஷ சந்தர்ப்பங்களிலன்றி ஆண்களுக்குச் செய்வதில்லை. வைத்தியப் பத்திரிகைகளிலன்றி விளம்பரம் செய்வதில்லை. நோயாளிக்கு மருந்து விற்பதில்லை என்று விதிகள் வகுத்தார்கள். 1920-ம் வருஷத்தில் அச்சங்கத்துக்கு ராஜ சாஸனம் கிடைத்தது. இன்று பிரிட்டனில் பிஸியோதெரபி என்ற மதிப்புள்ள துறைக்குத் தலைமைச் சங்கமாக விளங்குவது அந்த நால்வர் தொடங்கிய சங்கமே.

அந்த விதிகளை எழுத்துக்கு எழுத்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்பதல்ல. காலமும் தேசமும் வேறு. ஆனால் அவற்றின் கருத்து என்ன? இந்த வேலையை நான் செய்வேன், இதைச் செய்ய மாட்டேன் என்று தொழிலாளி தானே முன்கூட்டிச் சொல்லிவிடுவது. அஞ்செட்டி போன்ற ஊரில் சிறியதொரு நிலையம் திறக்க எண்ணும் வாலிபரோ பெண்ணோ இந்தக் கருத்தை முதலாகக் கொள்ள வேண்டும். எண்ணெயும் கட்டிலும் பிறகு வாங்கலாம்.

முதலாவது எல்லை உடம்பைப் பற்றியது. எல்லா வலியும் பிடித்துவிடத் தக்கதல்ல. ஒரு காலின் ஆடுசதை மாத்திரம் வீங்கிச் சூடாயிருந்து வலிக்குமாயின், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம்; அதை அழுத்தித் தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கிவிடும். கழுத்தைத் திடீரென்று திருப்பி நெட்டி முறிப்பது கேட்பவர்க்குச் சுகமாயிருக்கலாம். ஆனால் கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த உதாரணங்கள் வைத்திய நூல்களில் உண்டு. ஜுரமுள்ளவர், புதிதாக எலும்பு முறிந்தவர், சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர், கர்ப்பிணிகள் ஆகியவர்களிடம் கை வைக்குமுன் கேட்க வேண்டியவை பல. ‘உங்களுக்கு இதை நான் செய்யக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று சொல்லி, கையில் வந்த காசைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவனே இத்தொழிலில் தேர்ந்தவன். கிருஷ்ணகிரியில் 2022-ம் வருஷம் முதல் ஸர்க்கார் மெடிகல் காலேஜ் இருக்கிறது. அனுப்ப இடமில்லையென்ற சாக்குக்கும் இடமில்லை.

இரண்டாவது எல்லை விளம்பரத்தைப் பற்றியது. வாதத்தைப் போக்குவேன், சர்க்கரை வியாதியைத் தீர்ப்பேன் என்று பலகை எழுதுவது பொய் மாத்திரமல்ல, குற்றமுமாகும். 1954-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் இவை முதலிய பல வியாதிகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றது. களைப்பு நீங்கும், தசைப் பிடிப்பு தளரும், நல்ல நித்திரை வரும் என்று உள்ளதைச் சொன்னாலே ஜனங்கள் வருவார்கள். கட்டணத்தையும் வாசலிலேயே எழுதி வைத்துவிட்டால், வெளியூராரிடம் ஒரு விலை, உள்ளூராரிடம் ஒரு விலை என்ற பேச்சும் எழாது.

மூன்றாவது எல்லை ஆலோசனையைப் பற்றியது. மூன்றிலும் மிகக் கடினமானது இதுவே. உடம்பு தளர்ந்தால் வாயும் தளரும். கட்டிலில் கண்மூடிப் படுத்திருப்பவர் கடனைச் சொல்லுவார். குடிக்கிற புருஷனைச் சொல்லுவார். பேச்சை நிறுத்திவிட்ட மகனைச் சொல்லுவார். அச்சமயத்தில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கிடைக்கும் அதிகாரம் சாமானியமல்ல. கேட்டதை வெளியில் சொல்லாதிருப்பதே முதல் தர்மம். சிறிய ஊரில் அதுவே மகா விரதம். அடுத்தது, கேட்டதைக் கொண்டு லாபம் தேடாதிருப்பது. ஆலோசனை கேட்க வந்தவரைச் சீட்டில் சேர்ப்பதும், சத்துமாவு விற்பதும், கடனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் நம்பிக்கைத் துரோகமன்றி வேறல்ல.

அன்றியும், யோசனை வேறு, வைத்தியம் வேறு. நமது தேசத்தில் மனோவியாதிகளுக்குச் சிகிச்சை செய்யும் உளவியல் நிபுணர்கள் 1992-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட புனர்வாழ்வு கவுன்ஸிலில் பதிவு பெற வேண்டும். லைஃப் கோச்சுக்கோ அத்தகைய பதிவு எதுவுமில்லை. சில நாள் வகுப்பில் வாங்கிய சர்டிபிகேட்டைக் கொண்டு யாரும் அப்பெயரைச் சூடிக்கொள்ளலாம். காலையில் எழுந்திருக்கும் ஒழுங்கு, வரவு செலவு எழுதும் பழக்கம், வேலை தேடும் முயற்சி ஆகிய விஷயங்களில் துணை நிற்பது அவர் செய்யத்தக்கது. வாரக்கணக்கில் தூக்கமில்லை என்பவரையும், யாரோ காதில் பேசுகிறார்கள் என்பவரையும், உயிரை விட்டுவிடலாமா என்பவரையும் தாமே திருத்திவிடுவதாக வைத்துக்கொள்வது பெரும் பாவம். அத்தகையவர்களுக்காக 2022-ம் வருஷம் அக்டோபரில் ஏற்பட்ட டெலி-மானஸ் என்ற இலவச டெலிபோன் உதவி 14416 என்ற எண்ணில் கிடைக்கிறது. அந்த எண்ணை இத்தகைய நிலையம் ஒவ்வொன்றும் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் நலம்.

இவ்வளவும் தொழிலாளர் கடமை. ஸர்க்காரின் கடமை என்ன? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி இதே கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் மருந்து கொடுப்பதோடு, படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பிஸியோதெரபியும் வீட்டிலேயே செய்விப்பது அத்திட்டத்தின் சிறப்பு. கைச் சிகிச்சையின் மதிப்பை ஸர்க்கார் அறியாமலில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி. அத்திட்டத்தின் பிஸியோதெரபி நிபுணர்களைக் கொண்டே அஞ்செட்டியிலும் ஒகேனக்கல்லிலும் ஆண்டுக்கு ஒரு முறை சில நாள் வகுப்பு நடத்தி, எங்கே அழுத்தலாம், எங்கே கூடாது, யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பவற்றைக் கற்பித்துப் பரீட்சித்துச் சீட்டு வழங்கலாகாதா? ஜப்பானில் 1947-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, பயின்று பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம். கண் பார்வையற்றவர் அநேகர் அங்கே இதனால் மானமாக ஜீவிக்கிறார்கள். நமது நாட்டிலோ, 2023-ம் வருஷத்தில் மத்திய ஸர்க்கார் தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் முதலாகப் பதினெட்டுத் தொழில்கள் இடம் பெற்றும், உடம்பு பிடிப்பவர் தொழில் அவற்றில் ஒன்றாக இல்லை. வெள்ளத் தடை நாட்களில் இவர்களுக்குச் சொற்ப உபகாரச் சம்பளம் கொடுப்பதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கடலில் மீன்பிடிக்கத் தடை விதிக்கும் மாதங்களில் மீனவர்களுக்கு உதவுகிற ஸர்க்காருக்கு இது புதிய தத்துவமல்ல.

விதிகளும் சீட்டுகளும் ஏழைத் தொழிலாளியை நசுக்கிவிடும், சீட்டு வழங்குகிறவன் லஞ்சம் கேட்பான் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இந்த அச்சம் வீணல்ல. அதனாலேயே, சீட்டுக்குக் கட்டணம் கூடாதென்றும், பழகிய கைக்கு எழுத்துப் பரீட்சையின்றிச் செய்து காட்டும் பரீட்சையே போதுமென்றும், பரீட்சிப்போரில் மூத்த தொழிலாளர்களும் இருக்க வேண்டுமென்றும் சொல்லுகிறோம். ஆனால் எந்த விதியுமில்லாத நிலையில் ஏழை சுகமாயிருக்கிறானா? இன்று அவனை யார் வேண்டுமானாலும் விரட்டலாம்; யார் செய்த குற்றத்துக்கும் அவன் தலை குனியலாம். சீட்டுள்ளவனுக்கு நிற்க ஓரிடமும், கேட்க ஒரு நியாயமும் உண்டு.

ஆகவே, ஒகேனக்கல் பாறையில் நிற்பவரும் ஓசூரில் அறை பிடித்திருப்பவரும் அஞ்செட்டியில் புதிதாகத் தொடங்க எண்ணுகிறவரும் தம்மை ஒரே தொழிலினர் என்று கருதி ஒரு சங்கமாகக் கூட வேண்டும். பத்துப் பேர் கூடி ஐந்து விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் போதும், அது நல்ல ஆரம்பமே. அந்த விதிகளை அவர்கள் மீறாமல் நடந்து காட்டினால், போலீஸாரின் காமிராவுக்கு வேலையிராது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லா அதிகாரிகள் இவ்விஷயத்தை அடுத்த வெள்ளம் வருமுன் கவனிப்பார்களென்று நம்புகிறோம்.