பழைய ஹைபிரிட் மகிழுந்து: எதைப் பார்த்து வாங்குகிறோம்?

மகள் பல்கலைக்கழகம் சென்றுவிட்டதால் வீட்டுச் செலவை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நிலை. கிள்ளானிலிருந்து காப்பாருக்கு நாள்தோறும் நெரிசலில் ஊர்ந்து செல்லும் எனக்கு, பெட்ரோலை மிச்சப்படுத்தும் பழைய ஹைபிரிட் மகிழுந்து ஒன்றே போதும் என்று தோன்றியது. ஹோண்டா இன்சைட், தொயோத்தா பிரியஸ் சி ஆகிய இரண்டையும் பார்த்து வந்தேன்.

2011 முதல் 2013 இறுதி வரை நம் நாட்டில் இறக்குமதி ஹைபிரிட் வாகனங்களுக்கு வரிவிலக்கு இருந்தது. அப்போது வாங்கப்பட்டவைதாம் இன்று மலிவாகக் கைமாறுகின்றன. எல்லாமே பத்து வயதைக் கடந்தவை.

நாம் வண்டி பார்க்கும் முறையே தவறு என்பேன். சாயத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறோம். ஒரு விற்பனையாளர் மூன்று முறை இருக்கைத் தோலைத் தடவிக் காட்டினார். மின்கலனைப் பற்றிக் கேட்டதும் தேநீர் வரவழைத்தார்!

இன்சைட்டில் மின்னோடி 1.3 லிட்டர் இயந்திரத்திற்குத் தோள் கொடுக்கும் துணை மட்டுமே. பிரியஸ் சி அப்படியன்று. நெரிசலில் இயந்திரத்தை அணைத்துவிட்டு மின்சாரத்தாலேயே நகரும். என் பாதைக்கு அதுவே பொருத்தம். ஆயினும் அதன் இயந்திரத்தை உயிர்ப்பிப்பதும் அந்தப் பெரிய மின்கலன்தான். அது படுத்துவிட்டால் வண்டியும் வாசலில் படுத்துவிடும்.

அதனுள் 120 சிறு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. வெப்பமே அவற்றின் பகை. பின்னிருக்கைப் பகுதியில் காற்றை உள்ளிழுக்கும் துவாரம் தூசியால் அடைபட்டால் கலங்கள் வெந்து நலியும். (பயிற்சிப் புத்தகப் பைகளை அங்கே திணிக்கும் ஆசிரியர்கள் கவனிக்க.) மொத்த மின்னழுத்தம் நன்றாகத் தெரியலாம், ஆனால் ஒரு பகுதி மட்டும் தாழ்ந்திருந்தால் அதுவே முழுவதையும் கெடுத்துவிடும். வகுப்புச் சராசரியை மட்டும் பார்த்து, பின்தங்கிய மாணவனைத் தவறவிடுவது போன்றதுதான் இது. ஆகவே, விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் கணினியை இணைத்து, ஒவ்வொரு பகுதியின் அளவையும், வண்டி ஓடும்போதே, பார்க்க வேண்டும். இதற்கு மறுப்பவரிடம் நான் வாங்க மாட்டேன். கையிருப்பு முழுவதையும் விலையாகக் கொடுக்காமல், மின்கலன் மாற்ற ஒரு தொகையையும் ஒதுக்கி வைத்துள்ளேன்.

அதிகம் ஓடிய ஒரு பிரியஸ் சி கண்ணில் பட்டிருக்கிறது. காற்றாடியைத் துப்புரவு செய்த இரசீதுகள் உள்ளன. நிறம் வீட்டில் எவருக்கும் பிடிக்கவில்லை. உரிமையாளர் பரிசோதனைக்கு உடனே இசைந்தார். சனிக்கிழமை பட்டறைக்குச் செல்கிறோம். இவ்வண்டியில் மின்கலன் மாற்றிய அனுபவமுள்ளோர் அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.