கவலையும் காசமும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் வீடுகளில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும் நாம் வழக்கமாகச் சொல்வது இது: "எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற ஆள், அதுதான் உடம்பை அரித்துவிட்டது." பரிவோடு சொல்லப்படும் இச்சொல்லில் பாதி உண்மை; மறுபாதி அநியாயம்.

உண்மையை முதலில் பார்ப்போம். ஷெல்டன் கோஹனும் அவருடைய சகாக்களும் பிரிட்டனில் செய்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. உடல்நலமுள்ள 394 பேரின் மூக்கில் சளி வைரஸ்களைச் சொட்டுகளாக விட்டுப் பார்த்தார்கள். மன நெருக்கடி மிகக் குறைவாக இருந்தவர்களில் சுமார் 27 விழுக்காட்டினருக்கும், மிக அதிகமாக இருந்தவர்களில் சுமார் 47 விழுக்காட்டினருக்கும் சளி பிடித்தது. ஆக, நெருக்கடி உடம்பைத் தளர்த்துகிறது என்பது பாட்டி கதையன்று. ஆனால் தன்மதிப்பு, ஒதுங்கி வாழும் சுபாவம் போன்ற குணக்கூறுகளைக் கணக்கில் சேர்த்தபோதும் அந்த முடிவு மாறவில்லை. மகிழ்ச்சியான சுபாவத்தினருக்குச் சளி குறைவு என்று கோஹனே 2003இல் எழுதியதும் உண்டு. எனினும் சளி வேறு, காசம் வேறு. கிருமியில்லாமல் கவலை மட்டும் காசத்தைத் தந்துவிடாது.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இதில் தனிப்பங்கு உண்டு. 1882இல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டறிவதற்கு முன்பு, ஐரோப்பா காசத்தை மென்னுள்ளம் படைத்தோரின் நோயாக அலங்கரித்தது. சூசன் சொண்டாக் 1978இல் அந்த அலங்காரத்தைக் கலைத்தார். நாமோ, 1948இல் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்ததை இன்றும் மேதைமையின் விலையாகவே பேச விரும்புகிறோம். வறுமையின் விலையாகப் பேசத் தயங்குகிறோம்.

இந்த மயக்கத்துக்கு மறுமொழி நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956இல் அங்கே தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல உணவோடும் மருந்து உண்டனர். மற்றவர்கள் நெரிசலும் வறுமையும் நிறைந்த தங்கள் வீடுகளிலேயே அதே மருந்தை உண்டனர். 1959இல் வெளிவந்த முடிவின்படி, வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். கவலைகள் தீரும்வரை மருந்து காத்திருக்கவில்லை. நோய் வருமுன் காப்பதில் உணவுக்குள்ள பங்கோ வேறு: ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வு, அவர்களுக்குக் காசநோய் வருவது சுமார் 39 விழுக்காடு குறைந்ததாக 2023இல் தெரிவித்தது.

இனி தறிக்குழிக்குத் திரும்புவோம். முதலாளியிடம் வாங்கிய முன்பணம், பாவு வராத நாட்கள், சேலை முடிந்தால்தான் கைக்கு வரும் கூலி: இவற்றை நினைத்து உறங்காதவனின் கவலை அவன் சுபாவமா? அதைக் குணக்குறையாக்கும் நம் பேச்சுக்கு இன்னொரு விளைவும் உண்டு. நோயே அவமானமாகிவிடுகிறது. மகளின் சம்பந்தம் கெடுமென்று இருமலை மறைக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போவது மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. அதற்குள் அதே அறையில் உறங்கும் பிள்ளைகளுக்கும் கிருமி பரவக்கூடும். அச்சம் செய்யும் பெருந்தீங்கு இந்தத் தாமதமே என்பது நம் எண்ணம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரிடம் "கவலைப்படாதே" என்று அறிவுரை சொல்லவேண்டாம். சளிப் பரிசோதனைக்குக் கூட அழைத்துச் செல்வோம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். பெரும்பாலோர்க்கு ஆறு மாதம் போதும். கவலையைக் குறைக்க வேண்டுமெனில், கூலியைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.