சூசையப்பர் எப்போது இளைஞரானார்?

சில ஆண்டுகளுக்கு முன் தேம்பாவணி வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "ஐயா, இயேசுவையோ மாதாவையோ பாடாமல் வீரமாமுனிவர் ஏன் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கினார்?"

வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். காப்பியத்திற்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும்; இல்லறத்தானாகவும் துறவியாகவும் ஒருங்கே வாழ்ந்த வளன் அதற்குப் பொருந்துகிறான்; இது வீரமாமுனிவர் செய்த புதுமை. மாணவி எழுதிக்கொண்டார். விடை முற்றிலும் தவறன்று. ஆயினும் தண்டியலங்காரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓர் இத்தாலியத் துறவியின் மனத்துக்குள் நுழைந்துவிட முடியும் என்று நான் நம்பியிருந்தது பிழை. அந்தப் பிழையை எனக்குக் காட்டிக்கொடுத்தவை சில ஓவியங்கள்.

நான் ஓவிய வரலாறு முறையாகப் பயின்றவன் அல்லன். கதிர்காமத்தில் இருந்துகொண்டு, ஐரோப்பிய அருங்காட்சியகம் எதையும் நேரில் காணாமல், அச்சுப் படங்களிலும் கணினித் திரையிலும் பார்த்துப் பழகியவன். இந்தக் குறைபாட்டோடுதான் பின்வருவனவற்றைச் சொல்கிறேன்.

இத்தாலியின் பாதுவா நகரில், ஸ்க்ரொவேஞி சிற்றாலயச் சுவரில், 1305-ஐ ஒட்டி ஜொத்தோ வரைந்த கிறிஸ்து பிறப்பைப் பாருங்கள். தாய் குழந்தையை நோக்கித் திரும்பியிருக்கிறாள். வானதூதர் மேலே பறக்கின்றனர். சூசையோ கீழே தனியாகக் குந்தியபடி உறங்கி வழியும் கிழவர். இடைக்கால ஓவியங்கள் பலவற்றில் அவருக்கு வாய்த்த இடம் இதுதான். நரைத்த தாடி, ஓரத்து இருப்பு, கதைக்குத் தேவைப்படும் ஒரு காவலாள். மரியாளின் கன்னிமையைக் காக்க அவரைக் கிழவராக்குவதே எளிய வழியாக இருந்தது.

பிறகு காற்று திசை மாறுகிறது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசுப் பல்கலைக்கழக வேந்தர் ழான் கெர்சோன், சூசையைப் பற்றி 'யோசேபினா' என்ற இலத்தீன் நெடும்பாடலை இயற்றினார். 1562-இல் அவிலா தெரேசா தம் முதல் சீர்திருத்த மடத்தைச் சூசையப்பர் பெயரில் நிறுவினார். 1563 டிசம்பரில் திரிதெந்துப் பொதுச்சங்கம், படங்களையும் சுரூபங்களையும் பழித்த சீர்திருத்தச் சபையாருக்கு எதிராக, அவை வணக்கத்திற்குரியவை என்றும், மக்களுக்குப் போதிக்க வல்லவை என்றும் அறுதியிட்டது. 1621-இல் மார்ச் 19 சூசையப்பர் திருநாளாகத் திருச்சபை முழுமைக்கும் விதிக்கப்பட்டது.

இந்த மாற்றத்தைத் தூரிகையில் காண வேண்டுமானால் எல் கிரேக்கோவிடம் செல்ல வேண்டும். தொலேதோ நகரில் சூசையப்பர் பெயரில் அமைந்த சிற்றாலயத்தின் பீடத்துக்காக 1597-க்கும் 1599-க்கும் இடையில் அவர் வரைந்த படத்தில், சூசை நெடிதுயர்ந்த இளைஞர். கையில் கோல், இடுப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் சிறுவன் இயேசு. மேலிருந்து தலைகீழாகப் பாய்ந்து வரும் வானதூதர்களின் கைகளில் மலர்களும் மாலைகளும். ஓரத்தில் உறங்கிய கிழவர் பீடத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். எல்லோரும் அவரை உடனே இளைஞராக்கிவிடவில்லை. பிரெஞ்சு ஓவியர் ழார்ழ் த லா தூர் 1642-ஐ ஒட்டி வரைந்த தச்சர் சூசை முதியவரே. ஆனால் படம் முழுதும் அவருடையது. மரத்தைத் துளையிடக் குனிந்திருக்கும் அந்த உழைப்பாளிக்கு மகன் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கிறான். சுடரை மறைக்கும் பிஞ்சு விரல்களின் ஊடே ஒளி சிவந்து கசிகிறது. கரவாஜியோ தொடங்கிவைத்த இருள்-ஒளி உத்தி இங்கே ஒரு தந்தையின் முகத்தை நமக்குக் காட்டுவதற்காகவே பயன்பட்டிருக்கிறது.

இந்தச் சூழலில் வீரமாமுனிவரை வைத்துப் பாருங்கள். 1680-இல் மாந்துவாவுக்கு அருகிலுள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, பொலோஞாவில் தத்துவமும் இறையியலும் பயின்றவர். சூசையும் குழந்தையும் என்ற பொருளை மிகுந்த கனிவோடு வரைந்த குயிதோ ரேனியின் ஊர் அது. அவருடைய இயற்பெயரோ கொஸ்தான்ஸோ ஜுசேப்பே பெஸ்கி. ஜுசேப்பே என்பது சூசையேதான்! அவர் எந்தெந்தப் படத்தின் முன் நின்றார் என்பது நமக்குத் தேவையில்லை. அவர் வளர்ந்த உலகில் சூசை ஏற்கெனவே தலைவராகியிருந்தார். 1726-இல் முடிந்த தேம்பாவணியில் வளன் தலைவனாவது, தமிழ் மரபில் புதுமை; ஐரோப்பிய பரோக் மரபிலோ காலத்தின் குரல். வாடாத மாலை என்று நூலுக்குப் பெயர். முடிசூட்டுப் படலத்தோடு அது நிறைவடைகிறது. எல் கிரேக்கோவின் வானதூதர்கள் கொண்டுவரும் மாலை நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யூதேயாவை ஆறும் வயலும் செழித்த தமிழ்நாடாகப் பாடிவிட்டார் என்பதைக் காப்பிய மரபுக்கு அவர் பணிந்ததன் அடையாளமாக மட்டுமே நாம் கற்பிக்கிறோம். ஆனால் 1566-இல் புரூகெல் வரைந்த பெத்லகேமில் பனி படிந்து கிடக்கிறது. அது பெல்ஜியப் பகுதிச் சிற்றூர் ஒன்று. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்', நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செல்லும் வழியின் நீள அகலத்தையும் மேடு பள்ளத்தையும் மனக்கண்ணால் காணச் சொல்கிறது. அந்தப் பயிற்சியில் தோய்ந்த ஒருவர் காவிரிக் கரைக்கு வந்து நாட்டுப் படலம் பாடும்போது, இரண்டு மரபுகள் ஒரே இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. கம்பனின் செல்வாக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் பாதிதான் கிட்டும்.

இதற்கு நண்பர் ஒருவர் மறுப்புச் சொன்னார்: "பரோக் என்பது மதம் பரப்பும் கலை. அதை ஏன் வகுப்பில் கொண்டாட வேண்டும்?" மறுப்பு வலுவானது. எங்கள் ஊரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. மிஷன் வீதியில் சம்பா கோவில் முன் நில்லுங்கள். இன்றுள்ள கட்டடம் 1791-இல் நிறைவுற்றது. இரண்டு அடுக்கு முகப்பு, இணை இணையாக நிற்கும் தூண்கள். பாரிசின் வால்-த-கிராஸ் ஆலயத்தை ஒத்தது என்பார்கள். வீதியில் நடப்பவனை நிறுத்தி உள்ளே அழைக்கும் முகப்பு அது; உரோமையில் இயேசு சபையார் கட்டிய ஆலயத்தில் தொடங்கிய அழைப்பு. இதற்கு முன் இங்கிருந்த இயேசு சபை ஆலயத்தின் பக்கத்தில்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. அது 1748-இல், தூப்ளேக்சின் ஆட்சியில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நமக்குச் சொல்கிறது. அழகிய முகப்பைப் பார்க்கிறவன் இதை மறக்கலாகாது.

ஆனால் மறக்காமலிருப்பதற்கும் பாராமலிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. மனத்தை வசப்படுத்த எழுந்த கலை என்பதால் ஒதுக்குவதென்றால் பக்தி இலக்கியம் முழுவதையும் ஒதுக்க வேண்டியிருக்கும். வசப்படுத்தும் கலை எப்படி இயங்குகிறது என்று அறிந்தவனே அதனிடம் விழிப்போடு நிற்க முடியும். சுவைக்கவும் அவனால்தான் முடியும்.

தேம்பாவணி முதலில் அச்சேறியது 1850-களின் தொடக்கத்தில், இதே புதுச்சேரியின் மிஷன் அச்சகத்தில். 3,615 பாடல்கள் கொண்ட அந்நூலிலிருந்து சில பாடல்களைத் தேர்வுக்காகப் பிய்த்தெடுத்து, கம்பனோடு ஒப்பிட்டு முடித்துவிடுகிறோம். தமிழ் முதுகலைப் பாடத்திட்டத்தில் ஓவியமும் சிற்பமும் பார்க்கக் கற்பிக்க ஒரு தாளேனும் வேண்டும் என்பது என் கோரிக்கை. சித்தன்னவாசலும் தஞ்சைச் சுவரோவியங்களும் அதில் முதலிடம் பெறட்டும். கூடவே பத்து ஐரோப்பியப் படங்களும் இருக்கட்டும். பெரிய செலவில்லை. திரையும் ஒளிவீழ்த்தியும் பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கின்றன.

பாடத்திட்டம் மாறும்வரை நான் காத்திருக்கவில்லை. இப்போதெல்லாம் தேம்பாவணி வகுப்பை ஜொத்தோவின் கிழவரில் தொடங்கி எல் கிரேக்கோவின் இளைஞரில் நிறுத்துகிறேன். அதன் பிறகே பாயிரம். அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அவருக்குத் தர வேண்டிய விடையைத்தான் ஒவ்வோர் ஆண்டும் வேறு மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.