கண்ணுக்கு ஓர் இரவுக் காவல்

கண்ணில் வலி இல்லை. சிவப்பு இல்லை. நீர் வடியவில்லை. ஆனால், பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. போன பார்வை திரும்பி வருவதில்லை.

இப்படி ஓசைப்படாமல் கண்ணைப் பறிக்கும் நோய்க்குக் "கிளாக்கோமா" என்று பெயர். தமிழில் "கண் நீர் அழுத்த நோய்" என்கிறார்கள். 2020-ம் ஆண்டில் உலகில் 7 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

இந்த நோயாளிகளின் கண்ணை இரவும் பகலும் கவனிக்க ஒரு லென்ஸ் வந்திருக்கிறது. அது என்ன செய்யும்? என்ன செய்யாது? பார்ப்போம்.

மதகு அடைத்தால்...

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் எந்நேரமும் சுரக்கிறது. கருவிழியின் ஓரத்தில் உள்ள நுண்ணிய வடிகால் வழியாக அது வெளியேறுகிறது.

ஏரியின் மதகு அடைத்துக்கொண்டால் நீர் மட்டம் ஏறும் அல்லவா? கண்ணிலும் அப்படித்தான். வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கண்ணின் பின்புறம் உள்ள பார்வை நரம்பு கெடுகிறது.

அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. செத்த இழை மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் மங்கும். நேர்ப் பார்வை வெகு காலம் நன்றாகவே இருக்கும். அதனால் நோயாளிக்கே விஷயம் தெரிவதில்லை.

பகலில் ஒரு தடவை

கண் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மில்லி மீட்டர் வரை இருக்கும். (ரத்த அழுத்தத்தைப்போல இதையும் பாதரச அளவில்தான் சொல்வார்கள்.) சிலருக்கு 21-க்குக் கீழே இருக்கும்போதே நரம்பு கெடுவதும் உண்டு.

இதை அளக்க ஒரு கருவியை சுவிட்சர்லாந்து நாட்டு டாக்டர் கோல்ட்மன் 1950-களில் அமைத்தார். டாக்டர்கள் இன்றும் அதையே நம்புகிறார்கள். மருந்துச் சொட்டு விட்டு, நீல ஒளி பாய்ச்சி, ஒரு நிமிடத்தில் அளந்து விடலாம்.

ஆனால், கண் அழுத்தம் நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பலருக்கு இரவில், படுத்திருக்கும்போதுதான் அது ஏறுகிறது. டாக்டர் அளப்பதோ பகலில். திருடன் இரவில் வருகிறான். காவல்காரன் பகலில் மட்டும் சுற்றுகிறான்!

இதனால் சில நோயாளிகள் விஷயத்தில் டாக்டர்கள் திகைக்கிறார்கள். அளவு சரியாக இருக்கிறது. நரம்பு மட்டும் மேலும் கெடுகிறது. என்ன காரணம்? இரவில் அழுத்தம் ஏறுகிறதா? ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, தூக்கத்தில் எழுப்பி எழுப்பி அளந்தால்தான் தெரியும்.

லென்ஸ் செய்யும் வேலை

இதற்கு சுவிட்சர்லாந்தில் உள்ள லோசான் நகர விஞ்ஞானிகள் வழி கண்டார்கள். அவர்களுடைய ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கம்பெனிதான் "சென்சிமெட்". அது செய்த லென்சின் பெயர் "டிரிகர்ஃபிஷ்".

சைக்கிள் டியூபில் காற்று ஏறினால் அது விம்முகிறது. கண்ணில் அழுத்தம் ஏறினாலும் கருவிழி மிக மிக நுட்பமாக விரிகிறது. சிலிக்கோன் லென்சுக்குள் இருக்கும் மெல்லிய உலோக இழைகள் அந்த அசைவை உணர்கின்றன.

லென்சில் பாட்டரி கிடையாது. கண்ணைச் சுற்றி ஒட்டிய ஏரியல் அதற்கு மின்சக்தி தருகிறது. நோயாளியின் உடம்பில் மாட்டிய சிறு பெட்டியில் எல்லாம் பதிவாகிறது. 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, 30 விநாடி நேரம் லென்ஸ் வேலை செய்கிறது. ஒரு நாளில் 288 தடவை! நோயாளி தூங்கலாம், லென்ஸ் விழித்திருக்கும்.

2016-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்த லென்சுக்கு அனுமதி கொடுத்தது. 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 24 மணி நேரம் வரை இதை அணியலாம். ஒரு லென்சை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம்.

எண் சொல்லாது

அழுத்தம் 18, 25 என்று இந்த லென்ஸ் எண் சொல்லாது. எந்த நேரத்தில் ஏறியது, எந்த நேரத்தில் இறங்கியது என்றுதான் காட்டும். எந்த வேளையில் அளப்பது நல்லது என்று டாக்டர் அதைப் பார்த்து முடிவு செய்வார். பிறகு பழைய கருவியால்தான் அளக்க வேண்டும். கண் சிவப்பதும், லென்சின் தடம் சிறிது நேரம் பதிவதும் உண்டு.

ஆகவே, இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. குணப்படுத்தும் மருந்தும் அல்ல. ஏற்கனவே சிகிச்சை பெறுபவருக்குத் துணை. அவ்வளவுதான்.

முதல் காவல் எது?

நோய் இருப்பதே தெரியாதவரை எந்த லென்சும் காப்பாற்றாது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? சென்னையை அடுத்த கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2005-ல் வெளிவந்தது. பொதுவாகக் காணப்படும் வகைக் கிளாக்கோமா இருந்தவர்களில், 100-க்கு 98 பேர் தங்களுக்கு அந்த நோய் இருப்பதை அறியாமலே இருந்தார்கள்!

இரவுக் காவல் நல்லதுதான். அதற்கு முன்பு பகல் காவல் வேண்டாமா?

40 வயது ஆனவர்கள் கண் டாக்டரிடம் போக வேண்டும். கண்ணாடிக்காக எழுத்துப் படித்துக் காட்டினால் மட்டும் போதாது. அழுத்தத்தையும், பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கோ, அண்ணன், தம்பி, அக்காள், தங்கைக்கோ இந்த நோய் இருந்தால் கட்டாயம் போக வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விடாதீர்கள். அதுவும் அழுத்தத்தை ஏற்றும்.

சிகிச்சை பெறுபவர்கள், "கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்று மருந்தை நிறுத்தக் கூடாது. அந்த மருந்து இழந்த பார்வையைத் தராது. இருக்கும் பார்வையைக் காக்கும்.