பெட்ரோல் பொய் சொல்லாது

கோலசிலாங்கூர் மாவட்டத்து ஜெராமில் பொழுது விடிவதே கப்சாய் மோட்டார்சைக்கிள் சத்தத்தில்தான். செம்பனைக் காட்டுக்குப் போகிறவர், மீன் எடுக்கக் கடற்கரைக்குப் போகிறவர், பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் காப்பார் பக்கம் வேலைக்கு ஓடுகிறவர், எல்லாருக்கும் அதுதான் கால். போன மாதம் ஒரு காலையில் என் ஹோண்டா இ.எக்ஸ்.5 கிளம்ப மறுத்தது. கிக்கரை மிதித்தால் காற்றை மிதிப்பதுபோல் இறங்கியது. பாதத்தை எதிர்த்துத் தள்ளும் அந்த அழுத்தமே இல்லை.

பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "பிளாக் போச்சு அண்ணே, பிஸ்டனோட எல்லாம் மாத்தணும்" என்றார்கள். எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டேன். பிளக்கை மாட்டி மறுபடி மிதித்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடுக்கை அடைத்து அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். ஏறவில்லை. கோளாறு மேலே, வால்வில் என்று புரிந்தது.

சனிக்கிழமை வீட்டுப் பின்கட்டில் பழைய நாளிதழை விரித்து உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பையனும் வந்து குந்திக்கொண்டான். மேக்னெட் சக்கரத்தின் 'டி' குறியை நேராக நிறுத்தி, டைமிங் செயின் உள்ளே விழாமல் கம்பியால் கட்டி, ஹெட்டைக் கழற்றினோம். எந்த நட் எந்த மூலை, எதற்குச் செம்பு வாஷர் என்று அட்டையில் படம் போட்டுக் குத்தி வைத்தான் பையன். ஸ்பிரிங்கை அமுக்கும் கிளாம்பைத் திருகியதும், வால்வுத் தண்டைப் பிடித்திருந்த இரண்டு பூட்டுத் துண்டுகளும் தளர்ந்து வந்தன. ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒன்று தொலைந்தாலும் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும்.

புகை வெளியேறும் பக்கத்து வால்வை வெளியே எடுத்தபோது குற்றவாளி கையிலேயே இருந்தான். வட்ட விளிம்பில் ஒரு இடம், எலி கடித்த தோசைபோல், கருகிப் போயிருந்தது.

ஏன் கருகுகிறது? எரிந்த புகை முழுவதும் அந்த வால்வைத் தாண்டித்தான் போக வேண்டும். வாங்கிய சூட்டைப் பெரும்பாலும் தன் இருக்கையில் அழுந்தி உட்காரும் நேரத்தில்தான் அது இறக்கி வைக்கிறது. ஓட ஓட விளிம்பும் இருக்கையும் தேய்ந்து வால்வு மேலேறும். ராக்கருக்கும் தண்டுக்கும் நடுவே விட்ட இடைவெளி மறைந்துபோகும். அப்புறம் வால்வு முழுசாக உட்காராது, சூடு இறங்காது, விளிம்பு எரியும். எங்கள் வண்டிக்கு அந்த இடைவெளி 0.05 மில்லிமீட்டர், அதுவும் எஞ்சின் ஆறியிருக்கும்போது. தலைமுடி கனம்தான். அதை நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையதே.

ஸ்பிரிங்கையும் மாற்றினேன். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 3000 முறை திறந்து மூடுகிறது. நொடிக்கு 50 முறை. அத்தனை முறையும் இழுத்து மூடுவது ஸ்பிரிங்தான். பழையது புதியதைவிடக் குட்டையாகிவிட்டிருந்தது. பக்கத்தில் நிறுத்தி வைத்தாலே கண்ணுக்குத் தெரிந்தது. சுருள் நெருக்கமாக இருக்கும் பக்கம் ஹெட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதைப் பையனே கையேட்டைப் பார்த்துச் சொன்னான்.

பிறகுதான் பொறுமைக்கு வேலை. புது வால்வின் விளிம்பில் தேய்ப்புப் பசையைத் தடவி, ரப்பர் உறிஞ்சி பொருத்திய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே மத்துக் கடைவதுபோல் உருட்ட வேண்டும். செந்தால் என்பார்கள் மலாய்க்காரப் பட்டறை நண்பர்கள். முதலில் கரகரவென்று கேட்கும். போகப்போகச் சத்தம் மெலியும். விளிம்பைச் சுற்றி எங்கும் அறுபடாத ஒரு சாம்பல் வளையம் விழுந்தால் போதும். பசையை மண்ணெண்ணெயில் ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவியாக வேண்டும்; இல்லையென்றால் அதுவே வால்வு வழிகாட்டியை அரித்துவிடும்.

ஸ்பிரிங்கைப் பூட்டி, ஹெட்டைச் சாய்த்து, வால்வுக்குப் பின்னால் உள்ள குழியில் பெட்ரோல் ஊற்றினோம். அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்த வெளியில். ஒழுகினால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். பையன் குனிந்து, கன்னம் தரையைத் தொடுகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான். "சொட்டல மாமா" என்றான்.

அவன் குனிந்து பார்த்ததைக் கண்டதும் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அம்மா பால்மரம் சீவியவர். வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார். கிராணி பாலை நிறுத்து, மெட்ரோலாக் மிதவையை உள்ளே விட்டு, எத்தனை விழுக்காடு ரப்பர் என்று பார்த்து எழுதிக்கொள்வார். எழுதியதுதான் கூலி. அந்த மிதவையின் கோட்டை அம்மா ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. பார் என்று யாரும் கூப்பிட்டதுமில்லை.

எல்லா வேலையையும் வீட்டிலேயே செய்துவிட முடியாது. இருக்கையில் ஆழமாகக் குழி விழுந்தாலோ, வழிகாட்டிக்குள் தண்டு ஆடினாலோ இயந்திரப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். போங்கள். ஆனால் கழற்றிய வால்வைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெட்ரோல் ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். கூடவே உங்கள் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அவனையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.